சளிக்கு என்ன செய்யலாம், நர்ஸம்மா?

கிராம சுகாதார செவிலியர் என்றால் பிரசவம், தடுப்பூசி, குடும்ப நலம் என்று மூன்று வேலைகள்தான் வெளியே தெரியும். பதிவேடுகளிலும் அவைதான் இருக்கும். ஆனால் வீடு வீடாக நடந்தபோது என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இந்த மூன்றிலும் சேராது: "பிள்ளைக்கு மூக்கா ஒழுகுது, என்ன செய்யலாம் நர்ஸம்மா?" எந்தப் பதிவேட்டிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்ன வீட்டில்தான் அடுத்த முறை தடுப்பூசிக்கு வாசல் கதவு தானாகத் திறந்தது.

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருந்த துணை சுகாதார நிலையங்களில்தான் என் பணிக்காலம் கழிந்தது. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் மழை கொட்டும்போது எங்களுக்குச் சாரலும் காற்றும் வரும். ஐப்பசியில் எங்கள் மழை. அது முடிந்ததும் மார்கழிப் பனி. மூக்கு ஒழுகாத மாதம் என்று பங்குனியையும் சித்திரையையும் சொல்லலாம் என்றால், அப்போதுதான் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்.

இந்தப் பக்கம் பெண்கள் விடிவதற்குள் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். போடிமெட்டு வழியாக, கம்பம்மெட்டு வழியாக, குமுளி வழியாக. திரும்பி வர இருட்டிவிடும். அதனால் பகலில் நான் பார்த்துப் பேசியதெல்லாம் அப்பத்தாக்களிடமும் அம்மாச்சிகளிடமும்தான். பிள்ளையின் மூக்கு அவர்கள் பொறுப்பு. பயிற்சியில் எங்களுக்குத் தாய்மாரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஏழெட்டுப் பிள்ளை பெற்று வளர்த்த கிழவியிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை அவர்களிடமே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

என் பதில் கடைசிவரை பெரிதாக மாறவில்லை. வயிற்றுக்குக் கொடுப்பது, உடம்பைக் கதகதப்பாக வைப்பது, இதிலெல்லாம் பாட்டிமார் சொல்வதில் முக்கால்வாசி சரி. மூக்குத் துவாரத்துக்குள் மட்டும் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரைத் தவிர எதுவும் போகக் கூடாது. சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மூக்குக்குள் விடுவதற்கென்று ஏதாவது ஒன்று காத்திருக்கும்.

முதலாவது எண்ணெய். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், சில வீடுகளில் நல்லெண்ணெயில் மிளகு பொரித்து ஆறவைத்தது. குழந்தையைக் குளிப்பாட்டி, காலை நீட்டி மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டு, வாயால் ஊதிவிடுவார்கள். "ஊதுனாத்தான் சளி எளகும்" என்பார்கள். பிள்ளை மூச்சுத் திணறி வீல் என்று அழும். அந்த அழுகையையே மருந்து வேலை செய்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்வார்கள்.

எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் தொண்டைக்குள் தவறாகப் போனால் உடனே இருமல் வரும். எண்ணெய் அப்படி உறுத்தாது. வழவழவென்று இருமலைத் தூண்டாமலே மூச்சுக் குழாய்க்குள் இறங்கி, நுரையீரலில் போய்த் தங்கிவிடும். அதைக் கரைத்து வெளியேற்ற உடம்புக்கு வழி தெரியாது. நாள்பட நாள்பட அங்கே புண்ணாகி, நிமோனியா போலவே மூச்சு வாங்கும். மருத்துவர்கள் இதற்கு லிப்பாய்டு நிமோனியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சாதாரண நிமோனியாவுக்குக் கொடுக்கும் மருந்துக்கு இது சட்டென்று அடங்காது. பாட்டியிடம் கேட்டால் மூக்கில் எண்ணெய் விட்டதாகச் சொல்லவும் மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது மருந்தல்ல, குளிப்பாட்டுவதில் ஒரு பகுதி. அதனால் நான் "மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "குளிக்க ஊத்தும்போது மூக்குக்கு என்ன விடுவீங்க?" என்று கேட்கப் பழகினேன். அப்போது எல்லாம் வெளியே வரும்.

எண்ணெயைத் தூக்கி எறியச் சொன்னால் ஒரு வீட்டிலும் எடுபடாது. அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். துடைத்துத் துடைத்து மூக்குக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகியிருக்கும் பிள்ளைக்கு, அந்த மேலுதட்டில் தேங்காய் எண்ணெய் தடவினால் எரிச்சல் குறையும். "எண்ணெய் நல்லதுதான் அப்பத்தா, வெளிய தடவுங்க. உள்ள வேணாம்" என்று சொன்னபோது பலரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது உப்புத் தண்ணீர். அதைத்தான் நான் அதிகம் பேசியிருக்கிறேன், ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் செய்து காட்டியிருக்கிறேன்.

கைக்குழந்தை முதல் சில மாதங்களுக்குப் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். வாயால் விடலாம் என்பது அதற்கு இன்னும் பழகியிருக்காது. மூக்கு அடைத்தால் முலைக்காம்பைப் பிடிக்கும், இரண்டு வாய் குடிக்கும், மூச்சு முட்டி விட்டுவிட்டு அழும். அம்மா "பால் பத்தல" என்று நினைப்பாள். பாட்டி "நீ மோர் குடிச்ச, அதான் பிள்ளைக்குச் சளி புடிச்சு பால் ஒத்துக்கல" என்பார். இரண்டுமில்லை. அந்தச் சின்னத் துவாரத்தில் காய்ந்த சளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை நனைத்து இளக்கினால் பிள்ளை தானாகக் குடிக்கும்.

செய்முறை இது. ஒரு பெரிய டம்ளர், 240 மில்லி தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது அப்படியே விட வேண்டும். இறக்கி மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறியதும் அரை டீஸ்பூன் தூள் உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரைக்க வேண்டும். கல்லுப்பு என்றால் அளவு சரியாக வராது. வாயில் விட்டுப் பார்த்தால் கண்ணீரின் கரிப்பு இருக்க வேண்டும். கடல் தண்ணீர் போலக் கரித்தால் உப்பு கூடிவிட்டது, மூக்கு எரியும். சுத்தமான சொட்டுக் குழாயால் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு மூன்று சொட்டு. பிள்ளை தும்மும், தும்மட்டும். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, மெல்லிய பருத்தித் துணியைத் திரியாகத் திரித்து மூக்கு வாசலில் மட்டும் வைத்துச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். திரியை ஆழமாக நுழைக்கக் கூடாது. பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இதைச் செய்வதுதான் உத்தமம். பால் குடித்து முடித்தபின் செய்தால் குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடும். மீந்த தண்ணீரை மறுநாளுக்கு வைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

சில வீடுகளில் பாட்டியே பிள்ளையின் மூக்கில் வாய் வைத்துச் சளியை உறிஞ்சித் துப்புவதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை பாசம் இருந்தால் அதைச் செய்ய முடியும்! ஆனால் பாட்டிக்குக் காசநோய் இருந்தால், சாதாரணத் தொண்டை வலி இருந்தால்கூட, அந்தப் பாசத்தோடு அதுவும் பேரனுக்குப் போகும். உறிஞ்ச வேண்டும் என்றால் ரப்பர் உறிஞ்சி மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதையும் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னால் "போர் தண்ணிதான், சுத்தமாத்தான் இருக்கும்" என்பார்கள். இதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. 2024-இல் எங்களுக்கு மலைக்கு அந்தப்புறம், கேரளத்தில், குளத்திலும் ஆற்றிலும் குளித்த குழந்தைகளுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்து உயிரிழப்பு ஏற்பட்ட செய்தி எங்கள் ஊர் டீக்கடை வரை வந்தது. நெக்லேரியா என்ற அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்குக்குள் போனால்தான் வாசனை நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். மிக அபூர்வமான நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. மூக்குக்குள் விடுகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீரைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைப் புரியவைக்க இதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. யோகா வகுப்பில் கற்றுக்கொண்டு ஜலநேதி செய்யும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

தயாரிக்க நேரமில்லை என்பவர்கள் கடையில் உப்புத் தண்ணீர்ச் சொட்டு வாங்கலாம், விலை அதிகமில்லை. அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே பிராண்டுப் பெயரில், ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில், ஒன்று வெறும் உப்புக் கரைசலாக இருக்கும். இன்னொன்று மூக்கடைப்பை நீக்கும் மருந்தாக இருக்கும். கடையில் இருக்கும் பையன் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பான். பெட்டியில் சோடியம் குளோரைடு என்று மட்டும் இருந்தால் அது உப்பு. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று இருந்தால் அது மருந்து. மருத்துவர் சொல்லாமல் சின்னப் பிள்ளைகளுக்கு விடக் கூடாது. பெரியவர்களே அதைத் தொடர்ந்து நாலைந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்து நிறுத்தியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். மறுபடி விடுவார்கள், மறுபடி அடைக்கும். சட்டைப் பையில் அந்தச் சீசா இல்லாமல் வெளியே கிளம்ப முடியாத ஆட்களை எனக்குத் தெரியும்.

கற்பூரத்துக்கு வருவோம். நெஞ்சுச் சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கித் தடவுவது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பெரியவர்கள் நெஞ்சில் தடவிக்கொள்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மட்டும் கூடவே கூடாது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வாய்க்குள் கொஞ்சம் போனாலே வலிப்பு வரும். தைலப் பாட்டில்களுக்கும் இதே கதைதான். மூக்கு வாசலில் தைலம் தடவினால் சளி போய்விட்டது போலக் குளுகுளுவென்று இருக்கும், அது மெந்தால் செய்யும் ஏமாற்று. அடைப்பு அப்படியேதான் இருக்கும். கைக்குழந்தையின் மூக்கருகில் அந்த நெடி பட்டால் மூச்சே ஒரு கணம் நின்றுபோகலாம். நீலகிரித் தைலத்தைப் பிள்ளைகள் எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்வேன். ஒரு வாய் குடித்துவிட்டாலும் ஆபத்து.

ஆவி பிடிப்பது பற்றிப் பேசினால் ஊரே என்னோடு சண்டைக்கு வரும். நொச்சி இலை, தைல மர இலை, மஞ்சள் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேர்த்து விறுவிறுக்க உட்காருவதில் ஒரு சுகம் இருக்கிறது, நானும் அனுபவித்தவள்தான். கெட்டியான சளி கொஞ்ச நேரம் இளகும், மண்டைக் கனம் குறையும். அது கிருமியைக் கொல்லாது, சளியை ஒரு நாள் முன்னதாகவும் குணப்படுத்தாது. 2021-இல் கொரோனா இரண்டாவது அலையின்போது ஊருக்கு ஊர் பொது இடத்தில் ஆவி பிடிக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. சுகாதாரத் துறை அமைச்சரே பொது இடங்களில் ஆவி பிடிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தது.

எனக்கு ஆவியில் பயமெல்லாம் பானைதான். கம்பளிக்குள் பிள்ளையையும் இழுத்து வைத்துக்கொண்டு ஆவி பிடிப்பார்கள். இருட்டு, சூடு, மூச்சு முட்டும், பிள்ளை காலை உதறும். கொதிக்கிற தண்ணீர் தொடையிலும் வயிற்றிலும் கொட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சளி ஒரு வாரத்தில் போயிருக்கும். அந்தத் தழும்பு போகாது. பெரியவர்கள் வேண்டுமானால் பிடிக்கட்டும்: அடுப்பை அணைத்து, பானையைத் தரையில் ஆடாமல் வைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு. பிள்ளைகளுக்கு ஆவி வேண்டவே வேண்டாம்.

மஞ்சளைச் சுட்டு முகர்வது, சாம்பிராணி போடுவது இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. மூக்குக்குள் ஏற்கெனவே எரிச்சல். அதில் புகை வேறா? இளைப்பு உள்ள பிள்ளைக்கு அந்தப் புகையே இழுப்பைக் கிளப்பிவிடும்.

வயிற்றுக்குக் கொடுப்பதில் எனக்குப் பாட்டிகளோடு சண்டையே இல்லை. சுக்கு மல்லிக் காப்பி, மிளகு ரசம், கொள்ளு ரசம், நாட்டுக்கோழிச் சாறு, கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்த சாறு. சூடாக ஏதாவது உள்ளே போனால் தொண்டைக்கு இதம், மூக்கு ஒழுகி லேசாகும், உடம்பில் நீர் வற்றாது. மிளகு ரசத்தை உறிஞ்சும்போது மூக்கு இன்னும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். காரத்துக்கு மூக்கு அப்படித்தான். அடைத்துக்கொண்டு கிடப்பதைவிட ஒழுகுவது மேல். ஆறு மாதம் முடியாத பிள்ளைக்கு இதில் எதுவும் கிடையாது, தாய்ப்பால் மட்டும்தான். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, பெரியவர்கள் குடலில் ஒன்றும் செய்யாது. சிசுவின் குடலில் முளைத்து நஞ்சாகி, தசையெல்லாம் தளர்ந்து போகும். ஒரு வயதுக்குப் பிறகு, இரவு இருமலுக்குப் படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன் கொடுப்பது நல்ல வைத்தியம். பிறந்த பிள்ளைக்கு வசம்பை உரைத்துப் புகட்டுவதையும் நான் ஆதரிக்கவில்லை. அதில் பல வீடுகளில் தோற்றிருக்கிறேன்.

பத்தியம்தான் பெரிய வம்பு. சளி என்றதும் வாழைப்பழம் நிற்கும், ஆரஞ்சு நிற்கும், தயிர் நிற்கும், சில வீட்டில் குளியலும் நிற்கும். சளிக்குக் காரணம் வைரஸ். ரைனோ வைரஸ் முதற்கொண்டு இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. வாழைப்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ போகிற பிள்ளைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் பத்து நாள் பத்தியம் வைத்தால் அந்தப் பிள்ளை எப்போதுதான் சாப்பிடும்? எடை பார்க்கும் நாளில் அட்டையில் கோடு கீழே இறங்கியிருக்கும் பிள்ளைகளில் பலர் நோயால் இளைத்தவர்கள் அல்ல, பத்தியத்தால் இளைத்தவர்கள்.

முந்தானையையும் சொல்ல வேண்டும். ஒரே முந்தானையில் பேரன் மூக்கு, பேத்தி மூக்கு, தன் கை, அடுப்பிலிருந்து இறக்கும் சட்டி எல்லாம் துடைபடும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்த சளி மூன்று நாளில் எல்லோருக்கும் வருவதற்குக் காற்று மட்டும் காரணமில்லை. மூக்குத் துடைக்கத் தனித்துணி, துடைத்தபின் சோப்புப் போட்டுக் கைகழுவல். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மூக்கை மூடி மறு மூக்கால் மெதுவாகச் சிந்தச் சொல்லித்தர வேண்டும். இரண்டையும் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் சளி காதுப் பக்கம் ஏறிவிடும்.

சளியின் நிறம் மாறினால் எல்லோருக்கும் பயம். முதலில் தண்ணீர் மாதிரி ஒழுகும், மூன்றாம் நாள் வெள்ளையாகக் கெட்டிப்படும், பிறகு மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறும். "பச்சையாப் போச்சு, ஊசி போடணும்" என்று கிளம்புவார்கள். கிருமியோடு சண்டை போட்டு மடிந்த வெள்ளை அணுக்களின் நிறம் அது. பச்சையாக இருப்பதால் மட்டும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. பத்து நாளுக்கு மேலும் குறையாமல் இருந்தாலோ, குறைந்து வந்த சளி திடீரென்று காய்ச்சலோடு கூடினாலோ, காது வலித்தாலோ, அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்போது என் தொழிலில் முக்கியமான கருவிக்கு வருகிறேன்: விநாடி முள் உள்ள கைக்கடிகாரம். மூக்கு ஒழுகுவதைப் பார்க்க வந்த நர்ஸ் மூக்கைப் பார்க்காமல் பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றையே வெறித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் விநோதமாகத்தான் இருக்கும். "மூக்கு மேல இருக்கு நர்ஸம்மா" என்று ஒரு அம்மாச்சி எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

சளி நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா ஆகிவிட்டதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க மூச்சை எண்ணினால் போதும். பிள்ளை அழக் கூடாது, பால் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அமைதியாக மடியில் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பாகும், ஏனென்றால் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அது வெறும் சளி இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. 1990-களில் இந்தக் கணக்கை வைத்துத்தான் எங்களிடம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிறகு அமாக்சிசிலின் வந்தது. மருந்து மாறியது, கணக்கு மாறவில்லை. 2019-இல் மத்திய அரசு நிமோனியாவுக்காக 'சான்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கியபோதும் இதே எண்ணிக்கைதான்.

எழுத்தறியாத ஒரு அப்பத்தா இதைத் தன் போக்கில் கற்றுக்கொண்டார். அவருக்குப் பத்துக்கு மேல் எண்ண வராது. பத்து மூச்சுக்கு ஒரு புளியங்கொட்டை என்று தரையில் நகர்த்துவார், நேரத்தைப் பேத்தி கடிகாரத்தில் பார்த்துச் சொல்வாள். "அஞ்சு கொட்ட தாண்டிருச்சு நர்ஸம்மா" என்று அவர் சொல்லி அனுப்பினால் நான் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் போவேன். படித்த வீடுகளில்கூட இவ்வளவு துல்லியமான தகவல் எனக்கு வந்ததில்லை.

புளியங்கொட்டைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிள்ளைக்கு ஒரே ஒரு மூக்கில் மட்டும் சளி, அதுவும் நாற்றம் என்றால் அது சளிக் காய்ச்சல் அல்ல. உள்ளே ஏதோ இருக்கிறது: புளியங்கொட்டை, பாசிமணி, சிலேட்டுக் குச்சி, ரப்பர்த் துண்டு. வீட்டில் குச்சி விட்டு நோண்டினால் இன்னும் உள்ளே போகும். மருத்துவரிடம் கொண்டுபோனால் சட்டென்று எடுத்துவிடுவார். பொம்மைகளிலும் ரிமோட்டிலும் வரும் பொத்தான் பேட்டரியாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும். அதேபோல, தலையில் அடிபட்ட பிறகு ஒரு மூக்கில் தெளிந்த தண்ணீர் சொட்டினால் அதைச் சளி என்று துடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் விஷயத்தில் எங்கள் ஊரில் தனிச் சிக்கல். போடியில் இலவம் பஞ்சு பிரித்து மெத்தை, தலையணை அடைக்கும் இடங்களில் வேலை பார்க்கும் பெண்கள் வருடம் முழுக்கத் "தடுமன்" என்று வருவார்கள். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், தண்ணீர் மாதிரி ஒழுகல், மூக்கும் கண்ணும் அரிப்பு, காய்ச்சல் மட்டும் இருக்காது. சுக்குக் காப்பி குடித்துக் குடித்து வயிறு எரிந்ததுதான் மிச்சம். தூசியால் வரும் ஒவ்வாமைக்குக் கஷாயம் என்ன செய்யும்? வேலை செய்யும்போது மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுவது, வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கும் முன் குளித்துச் சேலை மாற்றுவது, இரவில் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது, இந்த மூன்றையும் செய்தவர்களுக்கு ஓரளவு நிம்மதி கிடைத்தது. இதற்கும் அடங்காதவர்களுக்கு மருத்துவர் கொடுக்கும் ஸ்பிரே இருக்கிறது. முதலாளிமார் முகக்கவசம் வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதைச் சொல்லப் போய் ஒரு இடத்தில் வாசலோடு திரும்பி வந்திருக்கிறேன்.

சிரப்பைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, சளி சிரப்புகளில் பெரும்பாலும் இருக்கும் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கூட்டு மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. அதற்குப் பிறகு, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சளி, இருமல் சிரப் எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அந்தக் குழந்தைகளில் பலருக்கு வந்தது சாதாரணச் சளியும் காய்ச்சலும்தான் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் பழைய சிரப் பாட்டில்கள் இருந்தால் இன்றே குப்பைக்குப் போகட்டும். மூத்த பிள்ளைக்கு எழுதிய மருந்தை இளையதுக்கு ஊற்றாதீர்கள். மழைக்காலம் வருமுன் ஒரு புதுச் சொட்டுக் குழாய், ஒரு மெல்லிய பருத்தித் துணி, விநாடி முள் ஓடும் கடிகாரம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைக்குச் சளி என்றால் உப்புத் தண்ணீர், சூடான ரசம், நல்ல தூக்கம், ஒரு வாரம் பொறுமை. மூச்சு வேகமாகிவிட்டால், விலா இழுத்தால், உதடு நீலம் பூத்தால், எழுப்பியும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் காத்திருக்க வேண்டாம். இரண்டு மாதம் நிறையாத குழந்தை மூக்கொழுகலோடு பால் குடிக்க மறுத்தால், மணி என்னவாக இருந்தாலும், சளிதானே என்று விடியும்வரை பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.